போனைப் பிடுங்கும் முன்...

உத்தரப் பிரதேசத்தில் 2024 ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானது. சீதாப்பூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் 600-க்கு 591 எடுத்து மாநிலத்தில் முதலிடம் பிடித்தார். டி.வி.யிலும் இணையத்திலும் அவர் படம் வந்ததுதான் தாமதம், பேச்சு மதிப்பெண்ணை விட்டு முகத்துக்குத் தாவிவிட்டது. உதட்டுக்கு மேல் முடி இருக்கிறதாம். அதை வைத்து மீம் போட்டவர்கள் ஒருபக்கம், போட்டோவை ‘அழகாக்கி’ வெளியிட்டு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டவர்கள் மறுபக்கம். ரேசர் விற்கும் நிறுவனம் ஒன்று ஆறுதல் சொல்கிற சாக்கில் தன் விளம்பரத்தையும் போட்டுக்கொண்டது. ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவாக எடுத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்று அந்த மாணவி பேட்டியில் சொன்னார். லட்சக்கணக்கான பிள்ளைகள் ஏங்கும் முதலிடத்தை, வராமலே இருந்திருக்கலாம் என்று நினைக்க வைத்துவிட்டார்கள்.

அது நாடே பார்த்த சம்பவம். க்ளாஸ் குரூப்புக்குள் நடப்பது பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

வகுப்பில் கண் அசந்த நேரத்தில் எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டிக்கராகும். காலையில் ‘குட் மார்னிங்’ சொன்னாலும் அந்த ஸ்டிக்கர், மார்க் குறைந்தாலும் அந்த ஸ்டிக்கர். நிறம், பல், உடம்பு, அப்பாவின் வேலை, சாதி... எதை வைத்தும் ‘ஓட்டலாம்’. ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் குரூப்பிலிருந்தே தூக்கியிருப்பார்கள். அவரை மட்டும் விட்டுவிட்டு அதே ஆட்களோடு புதுக் குரூப் ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரிகளில் இன்ஸ்டாகிராம் ‘கன்ஃபெஷன்’ பேஜ்கள் இருக்கின்றன. நடத்துவது யாரென்று தெரியாது, யாரைப் பற்றியும் எதையும் எழுதி அனுப்பலாம், மறுநாள் கேன்டீனில் எல்லோர் வாயிலும் அதுதான். ஒரு பெண்ணின் பெயரிலேயே ஃபேக் ஐடி தொடங்கி, அவர் பேசுவதுபோல் சீனியர்களுக்கு மெசேஜ் அனுப்புவது இன்னொரு வகை.

இதெல்லாம் ‘சும்மா ஜாலிக்கு’ என்று தொடங்குகிறது என்பது உண்மைதான். செய்கிற பிள்ளைகளில் பலர் வேறொரு குரூப்பில் இதே அடியை வாங்கியவர்கள். 44 நாடுகளில் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024-ல் வெளியிட்டது. ஆறில் ஒருவர் இணையத்தில் சீண்டப்பட்டிருக்கிறார். எட்டில் ஒருவர் தானே பிறரைச் சீண்டியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் 2019-ல் யுனிசெஃப் 30 நாடுகளில் 1,70,000-க்கும் மேற்பட்ட இளையோரிடம் கருத்துக் கேட்டது. மூவரில் ஒருவர் பாதிக்கப்பட்டதாகவும், ஐவரில் ஒருவர் அதனால் பள்ளிக்கே போகாமல் இருந்ததாகவும் சொன்னார்கள்.

நம் நாட்டில் போன் போன வேகத்துக்குப் பாதுகாப்பு அறிவு போகவில்லை. கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய ‘அசர்’ அறிக்கையின் 2024-ம் ஆண்டுப் பதிப்பு 14 முதல் 16 வயதுள்ளவர்களிடம் விசாரித்தது. கேட்ட நாளுக்கு முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காக ஸ்மார்ட்போனைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். சமூக ஊடகம் பயன்படுத்துகிறவர்களில் ஒரு ஐடியை பிளாக் செய்யவோ ரிப்போர்ட் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். தன் கணக்கைப் பிறர் பார்க்காதபடி பூட்டத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். மற்றவர்களின் கணக்கு வாசல் கதவு இல்லாத வீடு மாதிரி திறந்தே கிடக்கிறது.

கடிதத்தில் இருந்தது

2016 ஜூன். சேலம் மாவட்டம் இளம்பிள்ளை அருகே 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி யாரோ ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பத்தினர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். படம் உடனே நீக்கப்படவில்லை. சில நாட்களில் இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். புகாரைக் கவனிக்க வேண்டிய காவலர் ஒருவர் அந்தக் குடும்பத்திடமே செல்போனை லஞ்சமாகக் கேட்ட கதை அதற்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

போலீஸின் மெத்தனம் அன்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்தப் பெண் எழுதிவைத்த கடிதத்தில் வேறொன்றும் இருந்தது. தன் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை என்று அவர் சத்தியம் செய்திருந்தார். அப்பா அம்மாவே தன்னை நம்பவில்லையே என்ற வேதனை அதில் இருந்தது.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்வது நியாயமாகாது. மார்ஃபிங் என்றால் என்னவென்று தெரியாத எந்த வீடும் அன்று அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கும். கவலை என்னவென்றால், எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்ட பிறகும் கேள்வி மாறவில்லை. பிள்ளை தயங்கித் தயங்கி வாயைத் திறந்தால் வீட்டில் முதலில் வருவது, “உன்னை யாரு போட்டோ போடச் சொன்னது?” அடுத்தது, “அவன்கூட உனக்கென்ன பேச்சு?” மூன்றாவது, “போனை இப்படிக் கொடு.”

அந்த மூன்றாவதற்குப் பயந்துதான் பிள்ளைகள் முதலிலிருந்தே சொல்வதில்லை. பதினைந்து வயதில் போன் என்பது சிநேகிதர்கள், வகுப்பு நோட்ஸ், பாட்டு, வெளியுலகம் எல்லாம் சேர்ந்தது. அடித்தவன் கையில் போன் இருக்க, அடிபட்டவர் கையிலிருந்து மட்டும் பிடுங்குவது என்ன நியாயம்? பிடுங்கிய பிறகு குரூப்பில் என்ன ஓடுகிறது என்று தெரியாத பதற்றம் வேறு. ஆதாரமும் அந்த போனில்தான் இருக்கிறது. கோபத்தில் அதை ஃபார்மேட் செய்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஸ்கூலை மாற்றிவிடுவதும் நம் வீடுகளில் கைவசமுள்ள வைத்தியம். கனடாவின் அமண்டா டாட் கதை அதற்குப் பதில் சொல்கிறது. வெப்கேமில் பழகிய ஒருவன் அந்தச் சிறுமியை ஏமாற்றி எடுத்த படத்தைக் காட்டி மிரட்டினான். அமண்டா பள்ளி மாறினார், ஊர் மாறினார். போகிற இடமெல்லாம் புதுப் பள்ளி நண்பர்களுக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. நடந்ததை அட்டைகளில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டி யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். 2012 அக்டோபரில் இறந்தபோது வயது 15. மிரட்டியவன் நெதர்லாந்தில் உட்கார்ந்திருந்த வயது வந்த ஆள். கனடா நீதிமன்றம் அவனுக்கு 13 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது 2022-ல்தான்.

பையன்களுக்கு இதெல்லாம் வராது என்றொரு நம்பிக்கை உண்டு. மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜைனில் 16 வயது மாணவர் ஒருவர் தானே மேக்கப் கற்றுக்கொண்டு இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டுவந்தார். 2023 தீபாவளிக்குப் புடவை கட்டி ஒரு ரீல் போட்டார். வெறுப்புக் கமென்ட்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அந்த நவம்பரிலேயே அவர் உயிரிழந்தார். பெண்மை கலந்த பேச்சோ நடையோ உள்ள பையன் நம்மூர் வகுப்பறைகளில் படும்பாட்டைப் பார்த்தவர்களுக்கு உஜ்ஜைன் தூரமாகத் தெரியாது.

பத்து விநாடி

ஒரு குரூப்பில் ஐம்பது பேர். ஓட்டுகிறவர்கள் நாலைந்து பேர்தான். பாதிக்கப்பட்டவர் ஒருவர். மீதி நாற்பத்துச் சொச்சம் பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்த விவகாரத்தில் யாரும் கேட்காத கேள்வி. சிரிக்கிற எமோஜி போடுவார்கள். அல்லது பார்த்துவிட்டுக் கடந்துபோவார்கள். அடிபட்டவர் கண்ணுக்கு அந்த ‘சீன்’ அடையாளமெல்லாம் எதிரணியாகவே தெரியும்.

கனடாவில் டொரன்டோ பகுதிப் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்து, 2001-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சீண்டல் சம்பவங்களில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது குறுக்கிட்டது 19 சதவீதத்தில் மட்டும். அப்படிக் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்தே விநாடியில் சீண்டல் நின்றுவிட்டது. அது மைதானம், வாட்ஸ்அப் அல்ல. ஆனாலும் கூட்டத்தின் கைதட்டலுக்காகத்தான் இது நடக்கிறது என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

ஃபின்லாந்து இந்த நூலைப் பிடித்துக்கொண்டது. துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவாலி தலைமையிலான குழு, கல்வி அமைச்சகத்தின் நிதியில் ‘கிவா’ என்ற திட்டத்தை உருவாக்கியது. சீண்டியவனைத் திட்டுவதோடும் சீண்டப்பட்டவரைத் தேற்றுவதோடும் அது நிற்பதில்லை. வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளுக்குப் பாடமும் கம்ப்யூட்டர் விளையாட்டும் வைத்து, ‘நீ இப்போது என்ன செய்யலாம்’ என்று பழக்குகிறது. குரூப்பில் எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லையா, பரவாயில்லை. பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பலாம், பக்கத்தில் போய் உட்காரலாம். நம் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஹாலில் உட்காரவைத்து ஒரு அதிகாரி பேசிவிட்டுப் போகும் விழிப்புணர்வு முகாமில் இந்த விஷயம் வருவது அபூர்வம். ‘செல்போன் ஆபத்து’ என்று முழங்குவார்கள், பிள்ளைகள் பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது ஏஐ வந்து விஷயத்தை இன்னும் சுலபமாக்கியிருக்கிறது. 2016-ல் படத்தை ஒட்டுவதற்குக் கொஞ்சமாவது கைவேலை தெரிந்திருக்க வேண்டும். இன்று ஒரு ஆப் போதும். ஸ்பெயினில் அல்மெந்திராலேஹோ என்ற சிறிய ஊரில் 2023 செப்டம்பரில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவிகளின் போலி நிர்வாணப் படங்கள் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றின. செய்தவர்கள் வெளியூர்க் கயவர்கள் அல்ல, கூடப் படித்த பையன்கள். அடுத்த ஆண்டு சிறார் நீதிமன்றம் 15 பேருக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அந்த ஊரில் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. தாய்மார்கள் வெட்கப்பட்டு மூடி மறைக்கவில்லை. ஒருவருக்கொருவர் பேசி, கூட்டாகப் போலீஸுக்குப் போனார்கள்.

சட்டம் எங்கே கைகொடுக்கும்?

படம் சம்பந்தப்பட்டதென்றால் இந்தியச் சட்டம் பலமானது. ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படமெடுத்தோ அனுப்பியோ பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. ஆபாசமாக்கிப் போட்டால் 67, 67ஏ. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் 67பி, அதோடு போக்சோ. ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் பின்தொடர்ந்து தொல்லை செய்தால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 78-வது பிரிவு. போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாத பள்ளித் தலைமைக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. ‘ஸ்கூல் பேர் கெட்டுவிடும், நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்’ என்கிற நிர்வாகிகள் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

‘நான் அனுப்பலை, என் போன்ல சும்மா இருந்துச்சு’ என்பதும் எடுபடாது. சிறார் ஆபாசப் படத்தைத் தனியாகப் பார்ப்பதும் பதிவிறக்குவதும் மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அப்படிப்பட்டதை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே சிக்கல். குரூப்பில் வந்ததை வேடிக்கை பார்த்துச் சேர்த்துவைக்கும் மாணவர்களுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறதா?

படம் இல்லாத இடத்தில்தான் சட்டம் தடுமாறுகிறது. ‘கருவாயா’, ‘குண்டு’, ‘செத்துப் போ’ என்று தினம் நூறு மெசேஜ் வந்தால் நேரடியாகப் பொருந்தும் பிரிவு இல்லை. பழைய 66ஏ இருந்தது. அதை வைத்து அரசியல்வாதியின் மகனைப் பற்றி ட்வீட் போட்ட புதுச்சேரி வியாபாரியைக்கூட 2012-ல் கைது செய்தார்கள். உச்ச நீதிமன்றம் 2015-ல் அதை ரத்து செய்தது சரியே. அதன் இடத்தில் பிள்ளைகளுக்கென்று ஒன்றும் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ‘இ-சேஃப்டி’ ஆணையர் அலுவலகம் 2015 முதல் இருக்கிறது. பிள்ளையைக் குறிவைத்த பதிவை நிறுவனம் 48 மணி நேரத்தில் நீக்காவிட்டால் ஆணையரிடம் போகலாம். அவர் உத்தரவிட்டால் 24 மணி நேரத்தில் நீக்கியாக வேண்டும். அந்த நாடு 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கையே தடை செய்தது உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. இங்கும் அதுபோல் வேண்டும் என்கிற குரல் கேட்கிறது. அந்தத் தடைப் பட்டியலில் வாட்ஸ்அப் இல்லை என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். நம்மூர் க்ளாஸ் குரூப் நடப்பது அங்கேதான். இந்தியா கடன் வாங்க வேண்டியது தடையை அல்ல, புகார் கேட்கும் அந்த அலுவலகத்தை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று தமிழ்நாட்டின் கையிலேயே இருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, இந்தியாவிலேயே முதலாவதாக இந்த மாநிலம் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வாட்ஸ்அப் என்ற ஒன்றை யாரும் கனவிலும் நினைக்காத 1997-ல் எழுதிய அந்தச் சட்டம், உடலுக்கு வரும் தீங்கோடு மனத்துக்கு வரும் தீங்கையும், மாணவருக்கு அச்சமோ அவமானமோ உண்டாக்குவதையும் ராகிங் என்கிறது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளே, வெளியே இரண்டிலும் தடை. இரண்டாண்டு வரை சிறை. புகாரைக் கண்டுகொள்ளாத நிறுவனத் தலைவர் உடந்தையாகவே கருதப்படுவார். க்ளாஸ் குரூப் கொடுமைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் புதிதாக எழுதினாலும் கிடைக்குமா என்பது சந்தேகம். கல்லூரிகளில் சீனியர்கள் வாட்ஸ்அப் குரூப் வைத்து ஜூனியர்களை வதைப்பதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் சொல்லிவிட்டது. கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

சிறைக்கு அனுப்புவதுதான் வழி என்பதல்ல. சீண்டியவரும் 18 வயதுக்குக் கீழே என்றால் சிறார் நீதி வாரியம்தான் விசாரிக்கும்; சிறிய குற்றத்துக்கு அறிவுரை, மனநல ஆலோசனை என்றே பெரும்பாலும் முடியும். ‘அந்தப் பையன் வாழ்க்கை பாழாகிவிடுமே’ என்று தயங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பையனின் பெற்றோரும்தான்.

முதல் நாள் செய்ய வேண்டியது

பிள்ளை வந்து சொன்னால் முதலில், “உன்மேல தப்பில்லை, பார்த்துக்கலாம்” என்று சொல்ல வேண்டும். உள்ளுக்குள் கோபம் கொதித்தாலும் விசாரணை நாளைக்கு. பதில் மெசேஜ் போடவே கூடாது. அது எதிராளிக்கு விருந்து. மெசேஜ், கமென்ட், அனுப்பிய ஐடியின் பெயர், தேதி, லிங்க் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு ரிப்போர்ட், அப்புறம் பிளாக். வரிசை மாறினால் ஆதாரம் போய்விடும். ஒரு விதிவிலக்கு: பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் அதை ‘ஆதாரம்’ என்று உறவினர், வக்கீல், ஆசிரியர் என்று ஒருவருக்கும் ஃபார்வர்டு செய்யக் கூடாது. அது தனிக் குற்றம். லிங்கைக் குறித்துக்கொண்டு, அதே போனைக் காவல் துறையிடம் காட்டினால் போதும்.

அந்தரங்கப் படத்தையோ மார்ஃபிங் படத்தையோ பாதிக்கப்பட்டவர் புகார் செய்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. ஃபேஸ்புக்குக்கு லெட்டர் எழுதிப் பதிலுக்காகக் காத்திருந்த 2016-ன் நிலை இப்போது இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கேயும் ஏற்றத் தேவையில்லை. போனிலேயே அதற்கு ஒரு ரேகை எண் உருவாகும், அந்த எண்ணை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவை அதே படத்தைத் தேடி நீக்கும். பெரியவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’. பணம் கொடுத்தால் விட்டுவிடுவான் என்று மட்டும் எண்ண வேண்டாம். ஒருமுறை கொடுத்த வீட்டைத்தான் அவன் மறுபடியும் தேடி வருவான்.

பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவைப்பது, நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டாலே திடுக்கிடுவது, காரணமில்லாமல் ஸ்கூலுக்கு மட்டம் போடுவது, பெரியவர்கள் அறைக்குள் வந்தால் ஸ்கிரீனை மறைப்பது... இவற்றைப் ‘பருவக் கோளாறு’ என்று தள்ளிவிடாமல் கேட்கலாம். நேராகக் கேட்டால் பதில் வராது. “உன் க்ளாஸ் குரூப்ல யாரையாவது ரொம்ப ஓட்டுறாங்களா?” என்று மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்டால் பல நேரம் பேச்சு வரும். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற தொனி ஒரு வார்த்தையில் தட்டுப்பட்டாலும் தனியாக விடாமல் அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

இணையக் குற்றத்துக்கு 1930-ஐ அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417. கல்லூரி ராகிங் புகாருக்கு 1800-180-5522. மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416, சென்னை ‘ஸ்நேகா’ 044-24640050. இந்த எண்களை இன்றே ஒரு தாளில் எழுதி, பிள்ளை படிக்கும் பள்ளியின் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் ஏன் என்று கேட்டால், ராகிங் தடைச் சட்டத்தின்படி புகாரை விசாரிக்க வேண்டிய முதல் ஆள் அவர்தான் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.